ஹெல்த் பாலிசி வேலைக்கு டெல்லி வர்றீங்களா: மினிஸ்ட்ரியா, கம்பெனியா, சங்கமா, என்ஜிஓவா?

போன ரெண்டு மூணு மாசத்துல நாலு பேர் இதே கேள்வியோட வந்துட்டாங்க. அதுல ஒரு பொண்ணு ஆர்.கே.புரம் மலைமந்திர்ல பிரசாத லைன்ல நிக்கும்போதே ஆரம்பிச்சுட்டா. "அக்கா, ரெண்டு ஆஃபர் இருக்கு, ஒண்ணு மினிஸ்ட்ரில கன்சல்டன்ட், இன்னொண்ணு குர்கான்ல மெடிக்கல் டிவைஸ் கம்பெனி, கவர்மென்ட் அஃபேர்ஸ், சம்பளம் டபுளுக்கும் மேல, அம்மா கம்பெனிங்கிறாங்க, எங்க சார் மினிஸ்ட்ரிங்கிறாரு, நான் எதுக்கு தலையாட்டுறது?" (கவர்மென்ட் அஃபேர்ஸ்னா கம்பெனி சார்பா அரசாங்கத்துகிட்ட பேசுற வேலை.) பிடிஎஸ் முடிச்சு எம்பிஹெச், அதாவது பொது சுகாதாரத்துல முதுகலை படிச்சவ, முனிர்கால பிஜில தங்கி இருக்கா. சக்கரைப் பொங்கல கைல வச்சுக்கிட்டு அவளுக்கு அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் 2012ல டெல்லி வந்தேன், கோவில்பட்டிப் பக்கம் ஊரு, பி.ஃபார்ம், அப்புறம் எம்பிஹெச். மினிஸ்ட்ரி கன்சல்டன்ட், என்ஜிஓ, கம்பெனி மூணுலயும் குப்பை கொட்டியாச்சு. தொழில் சங்கத்துல, அதாவது ஒரே துறைக் கம்பெனிங்க சேந்து நடத்துற சங்கத்துல மட்டும் உத்தியோகம் பாக்கல, ஆனா வருஷக்கணக்கா அவங்க கமிட்டி மீட்டிங்ல எதிர் சீட்ல உக்காந்திருக்கேன்.

## எதை வச்சு எடை போடுறது

சம்பளம் முதல்ல, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா எவ்வளவுங்கிறத விட ஒண்ணாந்தேதி வருமாங்கிறதப் பாருங்க. ரெண்டாவது, யாரோட வாயா இருக்கப் போறோம், அதாவது ஒரு ரூம்ல உங்களுக்கு சரின்னு தோணுறத நீங்க சொல்லலாமா, இல்ல உங்களுக்கு சம்பளம் குடுக்குறவங்க சொன்னதத்தான் சொல்லணுமா. மூணாவது, ஃபைல் எப்படி நகருதுன்னு எவ்வளவு கிட்ட இருந்து பாக்கப் போறோம், ஏன்னா இந்தத் தொழில்ல சரக்குன்னா அது ஒண்ணுதான். நாலாவது, அங்க இருந்து வெளிய வர்ற கதவு எந்தப் பக்கம் திறக்குது. இத யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க, எனக்கு இதுதான் பெருசாப் படுது, பின்னாடி சொல்றேன். அஞ்சாவது வீடு, புள்ள, தூக்கம்.

வெறும் தியரியா சொன்னா புரியாது, அதனால ஒரு கதைய எடுத்துக்கிட்டு நாலு சீட்ல இருந்தும் பாக்கலாம். இதயத்துல வைக்கிற ஸ்டென்ட் விலை. 2016 ஜூலைல ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள்ள வந்துச்சு, டிசம்பர்ல விலைக்கட்டுப்பாட்டு அட்டவணைக்குள்ள போச்சு, 2017 பிப்ரவரில மருந்து விலைய நிர்ணயிக்கிற அரசு அமைப்பான என்பிபிஏ உச்சவரம்பு போட்டுச்சு. மருந்து பூசாத ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசினது 29,600, வரி தனி. அதுக்கு முன்னாடி மருந்து பூசின ஸ்டென்டுக்கு ஆஸ்பத்திரில லட்சத்துக்கு மேல பில் போட்டத நம்ம எல்லார் வீட்லயும் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ பாத்திருப்பாங்க. இதுக்குப் பின்னாடி டெல்லி ஹைகோர்ட்ல ஒரு வக்கீல் போட்ட பொதுநல வழக்கும் இருந்துச்சு. பேப்பர்ல வந்தது ஒரு நாள் செய்தி, அதுக்குப் பின்னாடி ஓடினது வருஷக்கணக்கான பேப்பர்.

## மினிஸ்ட்ரிக்குள்ள கன்சல்டன்ட்

அந்த ஸ்டென்ட் கதைல இவங்க எங்க இருப்பாங்கன்னா நோட் எழுதுற இடத்துல. கமிட்டிக்கு வேண்டிய பேப்பர் திரட்டுறது, மத்த நாட்டுல என்ன பண்றாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதுறது, மினிட்ஸ் டிராஃப்ட் பண்றது. எங்கயும் உங்க பேர் இருக்காது. நீங்க எழுதின வரியே கெசட்ல வந்தாலும் வீட்டுக்குப் போய் "அது நான் எழுதினது"ன்னு புருஷன் கிட்ட மட்டும்தான் சொல்லிக்கலாம், அதுலயும் அவரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்கினாத்தான்.

ஆனா இங்க கத்துக்கிறத வேற எங்கயும் கத்துக்க முடியாது. ஹெல்த் மினிஸ்ட்ரி இருந்த நிர்மாண் பவன்ல நான் முதல் ஆறு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டது, முடிவு மேல இருந்து கீழ வர்றதில்ல, கீழ இருந்து மேல போகுது. செக்‌ஷன்ல ஒருத்தர் எழுதுற முதல் நோட்டுதான் அண்டர் செக்ரட்டரி, டைரக்டர், ஜேஎஸ்ங்கிற ஜாயின்ட் செக்ரட்டரின்னு ஏறிப் போகுது, மேல இருக்கிறவங்க பெரும்பாலும் அந்த நோட்டுக்கு ஆமா இல்லன்னு சொல்றாங்க, புதுசா எழுத அவங்களுக்கு நேரம் கிடையாது. வெளிய இருக்கிறவங்க ஜேஎஸ்ஸப் பாக்க ரெண்டு மாசம் அலைவாங்க, ஃபைல் அந்த நேரம் செக்‌ஷன் ஆபீசர் டேபிள்ல படுத்துத் தூங்கிட்டு இருக்கும். இன்னொண்ணு, எந்த விஷயம் எந்த வீட்டுப் பிரச்சனைங்கிறது. மருந்தோட தரமும் புது மருந்துக்கான அனுமதியும் ஹெல்த் மினிஸ்ட்ரிக்குக் கீழ கோட்லா ரோட்ல இருக்கிற சிடிஎஸ்சிஓங்கிற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பாக்குது, மருந்தோட விலைய ரசாயனம் மற்றும் உரம் மினிஸ்ட்ரிக்குக் கீழ இருக்கிற துறை பாக்குது. யூரியாவும் பாராசிட்டமாலும் ஒரே மந்திரி கிட்ட! முதல் தடவ கேட்டப்ப நான் சிரிச்சுட்டேன், இன்னைக்கும் புதுசா வர்றவங்க இதுல தப்பான கட்டிடத்துக்குப் போய் நிக்கிறாங்க.

ஒளிஞ்சிருக்கிற செலவு என்னன்னா கான்ட்ராக்ட். பெரும்பாலும் வருஷத்துக்கு வருஷம் ரினியூவல், சில இடத்துல ஆறு மாசம், சில பேர் நேரடி மினிஸ்ட்ரி ஆள் கூட இல்ல, நடுவுல ஒரு ஏஜென்சி வழியா வேலைல இருப்பாங்க, பிஎஃப் உண்டா இல்லையான்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும். மார்ச் வந்தா வயித்துல புளியக் கரைக்கும். இன்னொண்ணு ஆபீசர் மாற்றல், உங்கள நம்பி வேலை குடுத்த ஜேஎஸ் ஒரு நாள் ஆர்டர் வந்து கிளம்பிடுவாரு, புதுசா வர்றவருக்கு உங்க ஒன்றரை வருஷ வேலை ஒரு பழைய ஃபோல்டர்.

## கம்பெனி: கவர்மென்ட் அஃபேர்ஸ்

முதல்ல ஊர்ல கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லிடுறேன், "லஞ்சம் குடுக்குற வேலையாமே?" எங்க பெரியப்பா கல்யாண வீட்ல சத்தமாவே கேட்டாரு. இல்ல. 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்த திருத்தினப்ப குடுக்குறதையும் நேரடிக் குற்றமாக்கி கம்பெனியையும் உள்ள இழுத்துட்டாங்க, வெளிநாட்டுக் கம்பெனின்னா அவங்க நாட்டுச் சட்டம் வேற தலைக்கு மேல தொங்கும், ஒரு காபி வாங்கிக் குடுத்தாக்கூட ஃபார்ம் நிரப்பணும். ஆனா நம்ம நாட்டுல லாபியிங்குக்குன்னு தனிச் சட்டமோ பதிவோ கிடையாது, அதனால யார் யாரப் பாத்தாங்கங்கிறது வெளிய தெரியறதில்ல, சந்தேகம் வர்றதுல தப்பும் இல்ல. அந்த சாம்பல் வெளிச்சத்துலதான் நீங்க தினமும் நடக்கணும்.

ஸ்டென்ட் கதைல இவங்க வேலை ஒரே ராத்திரில தொடங்கும். ஆர்டர் வந்த அன்னைக்கே நம்ம மாடல் எதுல விழுது, எவ்வளவு நஷ்டம், மறுபரிசீலனை மனு போடலாமா, கோர்ட்டா, மினிஸ்ட்ரியான்னு மும்பை ஆபீசுக்கும் சிங்கப்பூர் ஆபீசுக்கும் விளக்கணும். சில வெளிநாட்டுக் கம்பெனிங்க அந்த வருஷமே சில மாடல இந்தியாவுல இருந்து எடுத்துக்கிறோம்னு மனு போட்டாங்க, அந்த மனுவ டிராஃப்ட் பண்ணது யாரோ உங்கள மாதிரி ஒரு எம்பிஹெச் படிச்ச ஆள்தான். இங்கதான் பலருக்கு சிக்குது. நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும். மனசுக்குள்ள விலைக்கட்டுப்பாடு நியாயம்னு நினைச்சுக்கிட்டு வெளிய "புது டெக்னாலஜி வராமப் போயிடும்"னு ஸ்லைட் போடுறது கொஞ்ச நாள் முடியும். எனக்கு நாலு வருஷம் முடிஞ்சுது. நியாயமா சொன்னா எல்லா நாளும் அப்படி இல்ல. 2020 ஏப்ரல்ல இருந்து எல்லா மெடிக்கல் டிவைஸும் மருந்துச் சட்டத்துக்குள்ள வந்தப்ப அந்தக் கட்டுப்பாடு வேணும்னே நாங்களும் பேசினோம், எங்க பக்கத்து பேப்பர் நல்ல பேப்பரா இருந்துச்சு, அது நோயாளிக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது, அந்த மாதிரி நாள்ல வீட்டுக்கு நிம்மதியா போகலாம்.

சம்பளம் நான் பாத்த வரைக்கும் என்ஜிஓவுல வாங்கினத விட ரெண்டரை மடங்கு, ஒண்ணாந்தேதி டாண்ணு வரும், அப்பா அம்மாவுக்கும் சேத்து இன்சூரன்ஸ். கேக்காத செலவு நேரம். என் பொண்ணுக்கு 102 காய்ச்சல், ராத்திரி ஒம்பது மணிக்கு கெசட்ல டிராஃப்ட் வந்துருச்சுன்னு மெசேஜ், காலைல எட்டுக்குள்ள இம்பாக்ட் நோட் வேணும். ஒரு கைல தெர்மாமீட்டர், ஒரு கைல லேப்டாப். பார்லிமென்ட் நடக்குற மூணு செஷனும் பட்ஜெட்டுக்கு முன்னாடி ரெண்டு மாசமும் ஊருக்கு டிக்கெட் போடாதீங்க, பொங்கலுக்கு ஊர்ல இருந்ததே இல்ல நான் அந்த நாலு வருஷமும்.

## தொழில் சங்கம்

இங்க மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. 2020 பட்ஜெட்ல இறக்குமதி மெடிக்கல் டிவைஸ் சிலதுக்கு ஹெல்த் செஸ்னு 5 சதவீத கூடுதல் வரி போட்டாங்க. உள்நாட்டுல தயாரிக்கிறவங்களுக்கு சந்தோஷம், இறக்குமதி பண்றவங்களுக்கு வயித்தெரிச்சல். ரெண்டு பேரும் ஒரே சங்கத்துல மெம்பரா இருந்தா அந்த சங்கம் என்ன லெட்டர் எழுதும்? ஒண்ணும் சொல்லாத லெட்டர் எழுதும். அதனாலதான் உள்நாட்டு ஆளுங்களுக்கு ஒரு சங்கம், வெளிநாட்டுக் கம்பெனிங்களுக்கு ஒரு சங்கம்னு பிரிஞ்சு நிக்குது, எஃப்ஐசிசிஐ, சிஐஐ மாதிரி பெரிய குடைக்குக் கீழ மட்டும் எல்லாரும் ஒண்ணா டீ குடிக்கிறாங்க.

பொறுமை இருந்தா இது நல்ல இடம்தான். சம்பளம் நடுவாந்தரம். மினிஸ்ட்ரி ஸ்டேக்ஹோல்டர் மீட்டிங் கூப்பிடும்போது தனிக் கம்பெனிய விட சங்கத்ததான் முதல்ல கூப்பிடுவாங்க, அதனால சின்ன வயசுலயே பெரிய ரூம்ல உக்காரலாம், பின் வரிசைலன்னாலும். கான்ஃபரன்ஸுக்கு மைக் செட், பொன்னாடை, பூங்கொத்துன்னு பாதி வருஷம் கல்யாண கான்ட்ராக்டர் மாதிரி ஓடுவீங்க. இத விட அதிகமா சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

## என்ஜிஓ, திங்க் டேங்க்

ஸ்டென்ட் கதைல விலைய முதல்ல பிரச்சனையா ஆக்கினது இந்தப் பக்கம்தான், வக்கீலுங்க, நோயாளிகளுக்காகப் பேசுற குரூப்புங்க, பில்ல எடுத்து பத்திரிகைல போட்டவங்க. உங்க பேர்ல எழுதலாம், டிவில பேசலாம், தப்ப தப்புன்னு சொல்லலாம். இந்த நாலுல உங்க வாய் உங்க வாயாவே இருக்கிறது இங்க மட்டும்தான், அதுவும் ஓரளவுக்கு. ஏன்னா இங்கயும் பணம் குடுக்குற ஃபண்டர்னு ஒருத்தர் இருக்காரு, அவருக்குப் புகையிலை பிடிச்சா நீங்க புகையிலை, அவரு உப்புக்கு மாறினா நீங்களும் உப்பு.

வேகத்தப் பத்தி தெரிஞ்சுக்கிட்டு வாங்க. பாக்கெட் உணவு முன்பக்கம் எச்சரிக்கை லேபிள் வேணும்னு எத்தனையோ வருஷமா கேக்குறாங்க, 2022 செப்டம்பர்ல உணவுத் தரத்தப் பாக்குற அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ டிராஃப்ட் போட்டுச்சு, எச்சரிக்கைக்குப் பதிலா ஸ்டார் ரேட்டிங். ஆட்சேபணை குமிஞ்சுது. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் மூணு மாசத்துக்குள்ள கமிட்டி பரிந்துரை குடுக்கணும்னு சொல்லுச்சு. இந்த ஒரு ஃபைல்லயே ஒருத்தர் வேலைக்குச் சேந்து, கல்யாணம் பண்ணி, புள்ளைய ஸ்கூல்ல சேத்துடலாம். அதே நேரம் சிகரெட் பாக்கெட்ல 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை 2016 ஏப்ரல்ல வந்தது இந்த மாதிரி ஆளுங்க விடாம நின்னதுனாலதான், இன்னைக்கு பொட்டிக்கடைல அந்தப் பாக்கெட்டப் பாக்கும்போது அவங்கள்ல பல பேருக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், அது சம்பளத்துல வராது.

பணம்தான் இங்க பயம். 2020ல எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்த திருத்தினாங்க, வெளிநாட்டுப் பணத்துல நிர்வாகச் செலவு 50 சதவீதத்துல இருந்து 20க்கு இறங்கிடுச்சு, ஒரு அமைப்பு வாங்கின பணத்த இன்னொரு அமைப்புக்குக் குடுக்கக் கூடாது, பணம் வர்ற கணக்கு டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்லதான் இருக்கணும். பெரிய அமைப்பு கிட்ட வாங்கி ஓடின சின்ன அமைப்புங்க பல நின்னுடுச்சு. நான் இருந்த இடத்துல ஒரு தடவ மூணு மாசம் சம்பளம் வரல, கரோல் பாக் ரூம் வாடகைக்கு வளையல அடகு வச்சேன், இத அம்மா கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. சேரும்போது "எந்த கிராண்ட்ல என் சம்பளம், அது எந்த மாசம் முடியுது"ன்னு கேளுங்க. மூஞ்சி சுளிச்சாங்கன்னா அதுவே பதில்.

## ஒரே பார்வைல

| | மினிஸ்ட்ரி கன்சல்டன்ட் | கம்பெனி | சங்கம் | என்ஜிஓ |
|---|---|---|---|---|
| சம்பளம் | சுமார், கான்ட்ராக்ட் | நல்லா, நேரத்துக்கு | நடுவாந்தரம் | கம்மி, கிராண்ட் இருக்கிற வரைக்கும் |
| யாரோட வாய் | ஆபீசரோடது | கம்பெனியோடது | எல்லா மெம்பரோடதும் | உங்களோடது, ஃபண்டர் அனுமதிச்சா |
| ஃபைலுக்கு எவ்வளவு கிட்ட | ஃபைலுக்குள்ளயே | கதவுக்கு வெளிய | வாசப்படில | தெருவுல, சில சமயம் கோர்ட்ல |
| வீடு | ஆறரைக்குக் கிளம்பலாம், பார்லிமென்ட் கேள்வி வந்தா இல்ல | நேரம் காலம் கிடையாது | கான்ஃபரன்ஸ் சீசன் தவிர பரவால்ல | ஊர் ஊரா சுத்தணும் |
| அங்க இருந்து எங்க போகலாம் | எங்க வேணும்னாலும் | இன்னொரு கம்பெனி, சங்கம் | கம்பெனி | மினிஸ்ட்ரி, கம்பெனி, ஐ.நா. பக்கம் |

## அந்தக் கதவு விஷயம்

டேபிள்ல கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க. எதுல சேரணும்னு எல்லாரும் கேக்குறாங்க, எதுல முதல்ல சேரணும்னு யாரும் கேக்கல. மினிஸ்ட்ரில இருந்து கம்பெனிக்குப் போனா கம்பளம் விரிப்பாங்க. என்ஜிஓல இருந்து போனாலும் "எதிர்ப் பக்கம் தெரிஞ்ச ஆள்"னு எடுத்துப்பாங்க. திரும்பி வர்றதுதான் கஷ்டம். கம்பெனில நாலு வருஷம் இருந்துட்டு ஒரு சர்வதேச அமைப்புல வேலைக்கு அப்ளை பண்ணேன், எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சு நலன் முரண்பாடு ஃபார்ம் வந்துச்சு, கடந்த சில வருஷத்துல எந்தக் கம்பெனி கிட்ட பணம் வாங்கினீங்கன்னு. உண்மைய எழுதினேன். அப்புறம் போன் வரல. அவங்க மேல கோவம் இல்ல, அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன், ஆனா 2019ல யாராவது இத எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

இதுலயும் எல்லாக் கம்பெனியும் ஒண்ணு இல்ல. மருந்து, டிவைஸ் கம்பெனின்னா ஒரு சில வருஷத்துல கறை மங்கும். புகையிலைன்னா மறந்துடுங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துல 5.3ன்னு ஒரு பிரிவே இருக்கு, அரசாங்கத்தோட சுகாதாரக் கொள்கைய அந்தத் தொழில் கிட்ட இருந்து காப்பாத்தணும்னு, இந்தியாவும் கையெழுத்துப் போட்ட நாடு. அந்தப் பக்கம் போனவங்க ஹெல்த் பக்கம் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. சக்கரை பானம், பாக்கெட் நொறுக்குத் தீனி கம்பெனிங்களும் மெல்ல அந்த லிஸ்ட்டுக்குப் பக்கத்துல வந்துட்டு இருக்கு.

## டெல்லியும் சென்னையும்

ஹிந்தி வேணுமான்னு எல்லாரும் கேப்பீங்க. மீட்டிங், நோட்டு பெரும்பாலும் இங்கிலீஷ்தான், ஆனா ரிசப்ஷன்ல கேட் பாஸ் வாங்குறது ஹிந்தி, செக்‌ஷன்ல "ஃபைல் எங்க"ன்னு கேக்குறது ஹிந்தி. ஒரு காலத்துல மினிஸ்ட்ரில பாதி ஸ்டெனோவும் பிரைவேட் செக்ரட்டரியும் நம்ம ஆளுங்களா இருந்தாங்க, கரோல் பாக்ல இருந்து டிபன் கேரியரோட பஸ் ஏறினவங்க, அவங்க புள்ளைங்க எல்லாம் இப்ப அமெரிக்கா, அந்த வழி அடைஞ்சுடுச்சு. ஆறு மாசத்துல பேச்சு ஹிந்தி வந்துடும், வெக்கப்படாம தப்பாப் பேசினா.

சென்னைக்கே போயிடலாமான்னா, தாராளமா. பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் அரசியல் சட்டத்துல மாநிலப் பட்டியல், உண்மையான வேலை தேனாம்பேட்டைல மாநில சுகாதார ஆபீஸ் இருக்கிற டிஎம்எஸ்லதான் நடக்குது. டெல்லில மருந்து கொள்முதல் பத்தி எந்த மீட்டிங் நடந்தாலும் 1994ல தொடங்கின, தமிழ்நாடு அரசுக்கு மருந்து வாங்குற நம்ம டிஎன்எம்எஸ்சி பேர யாராவது எடுப்பாங்க, ராஜஸ்தான்காரரே எடுப்பாரு, கேக்க நல்லா இருக்கும். என்ன, அங்க வெளி ஆளுக்கு இந்த வேலைல சீட் கம்மி, சம்பளமும் கம்மி. டெல்லில அஞ்சு வருஷம் இருந்துட்டு அங்க போனா எடுபடும், நவம்பர் புகைய நுரையீரல் தாங்கினா.

## அப்ப யாருக்கு எது

வீட்ல கடன் இருக்கு, தங்கச்சி கல்யாணம் இருக்குன்னா யோசிக்காம கம்பெனிக்குப் போங்க, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல, மருந்து இல்லன்னா டிவைஸ் கம்பெனியா பாத்துப் போங்க அவ்வளவுதான். வயசு 25க்குள்ள, பொறுப்பு கம்மின்னா மினிஸ்ட்ரி, இல்லன்னா பார்லிமென்ட் பத்தி ஆராய்ச்சி பண்ற பிஆர்எஸ்ங்கிற அமைப்பு நடத்துற லேம்ப் ஃபெலோஷிப், ஒரு எம்பி கூட கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருந்து பார்லிமென்ட உள்ள இருந்து பாக்கலாம். ஒரு விஷயம் உங்கள ராத்திரி தூங்க விடலன்னா என்ஜிஓ, ஆனா ஆறு மாசச் சம்பளம் கைல சேத்து வச்சுட்டு. நாலு பேரு சண்டைல நடுவுல நின்னு சிரிக்கத் தெரியும்னா சங்கம்.

முனிர்கா பொண்ணுகிட்ட இதையெல்லாம் போன்ல சொன்னேன். மினிஸ்ட்ரி பக்கம் சாஞ்சிருக்கா. கான்ட்ராக்ட் எத்தன மாசம்னு கேட்டேன், பதினொண்ணுன்னா. பன்னெண்டு இல்லாம ஏன் பதினொண்ணு, நடுவுல பிரேக் உண்டா, அந்த மாசம் சம்பளம் உண்டா, பிஎஃப் யாரு கட்டுறாங்கன்னு கேட்டேன். "அய்யய்யோ, அதெல்லாம் கேக்கலக்கா." கம்பெனிக்காரங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்குறாங்களாம். மினிஸ்ட்ரிக்கு திங்கக்கிழமை காலைலயே போன் பண்ணிக் கேட்டுட்டு சொல்றேன்னு வச்சுட்டா.